ஃபில்டர் பெட்டியில் கடுகு

தொட்டித் தண்ணீரைச் சோதிக்கிற டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இனி நாம்தான் மீன் டாக்டர் என்று வண்டியைக் கிளப்பும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம். பெரம்பலூரில் கலர் மீன் கடை வைத்து, அரியலூர் வரை வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவி, முழங்கால் இரண்டும் ஒரே சமயத்தில் ஸ்டிரைக் அறிவித்ததால் கடையை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் நான். மீன் கடை என்று போர்டைப் பார்த்து உள்ளே வந்து, 'வஞ்சிரம் கிலோ என்னாங்க?' என்று கேட்டவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பொறுமையில் பாதியாவது நீங்கள் எனக்குத் தர வேண்டும்.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகித் தண்ணீரில் ஏறுகிற அம்மோனியாவைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. யூடியூபில் ஆளுக்கொரு மைக்கை மாட்டிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால், மஞ்சளாக இருந்தால் நிம்மதி, பச்சையானால் வம்பு. இவ்வளவுதான் விஷயம். பச்சை என்று கண்டுபிடிப்பதற்கு நாம் தேவையில்லை, அந்தக் கிட்டே போதும். பச்சை எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்குத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

அப்படித் தேடியதில் நான் பார்க்காத கூத்து இல்லை. எறையூரில் ஒரு வீட்டில் மீனுக்குப் பிறந்தநாள் என்று கேக் வெட்டித் தொட்டிக்குள் ஊட்டியிருந்தார்கள். மெழுகுவர்த்தியைப் போடவில்லை, அந்த அளவுக்கு விவரம். பெரம்பலூரில் ஒரு வக்கீல் வீட்டில், அலங்காரக் குகைக்குள் ஒரு தவளை வாடகை ஒப்பந்தம் இல்லாமல் குடியேறி, அங்கேயே காலமாகிக் கிடந்தது. இதெல்லாம் லேசான கேஸ்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்துப் போட்டால் தீர்ந்தது. அம்மோனியாவுக்குப் பின்னால் ஒரு மனுஷர் நிற்கிற கேஸ்தான் கஷ்டம். அப்படி ஒன்றைச் சொல்கிறேன்.

அரியலூரைத் தாண்டி ரெட்டிபாளையத்தில் கருணாகரன் சார் வீடு. ஏதோ ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் காலமெல்லாம் தண்ணீரையும் சுண்ணாம்பையும் சோதித்து ஓய்வு பெற்றவர். தீவிரமான பகுத்தறிவுக்காரர். வாசலில் பூசணிக்காய் கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது. அமாவாசை பார்த்து வேண்டுமென்றே முடி வெட்டிக்கொள்வார். அவர் மனைவி மங்கையம்மா அதற்கு நேர் எதிர். எந்த மதத்துச் சாமியாக இருந்தாலும் ஒரு கும்பிடு போட்டு வைப்பார். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்விட்டு வருவார். சார் தடுக்க மாட்டார். "போயிட்டு வரட்டும். பஸ்ஸுக்காவது வருமானம்" என்பார்.

அந்த வீட்டுக்கு நாலடித் தொட்டியும் இரண்டு ஆஸ்கார் மீனும் நான்தான் கொடுத்தேன். விற்கும்போது பழக்கதோஷத்தில், "வாஸ்துவுக்கு ரொம்ப நல்லது சார்" என்றேன். "வாஸ்துன்னா நீயே எடுத்துட்டுப் போம்மா" என்றார். உடனே வாயைக் கழுவிக்கொண்டு, "பிரஷருக்கு நல்லது சார்" என்று மாற்றினேன். வியாபாரம் முடிந்தது. பெரிய மீனுக்கு அவர் வைத்த பெயர் தோழர். தோழர் அவர் கையிலிருந்துதான் சாப்பிடும். அவர் பேப்பர் படித்தால் கண்ணாடியோரம் வந்து நின்று அதுவும் படிக்கும்.

சின்ன மீன் ஒரு நாள் மூடியின் இடுக்கு வழியாகத் துள்ளி வெளியே விழுந்து செத்துப்போனது. ஆஸ்கார் துள்ளுகிற ஜாதிதான். "இயற்கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, சார் அதைக் கொய்யா மரத்தடியில் புதைத்தார். மூடிக்கு மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தார்.

அதற்குப் பிறகுதான் தோழருக்குச் சீக்கு வந்தது. அம்மோனியா ஏறியிருந்தது. போய்ப் பாதித் தண்ணீரை மாற்றினேன், தீனியைக் குறைத்தேன். வாரம் முழுக்க மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் பச்சை. மறுபடி மாற்றினேன், அடுத்த ஞாயிறு மறுபடி பச்சை. சார் ஒவ்வொரு முறையும் டெஸ்ட் குழாயைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிறு காலையில் பச்சை என்றால் சனிக்கிழமை ஏதோ நடக்கிறது. சனிக்கிழமை என்றதும் என் புத்தி நேராக மங்கையம்மாவிடம் போனது. மாதா கோயிலிலிருந்து கொண்டுவரும் தீர்த்தத்தைத் தொட்டியில் ஊற்றுகிறாரோ என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அடியாத்தீ, நான் ஏன் மீனுக்கு ஊத்தறேன்? கொண்டாறது எனக்கே பத்தமாட்டேங்குது" என்றார். அவர் சொன்ன விதத்திலேயே அது நிஜம் என்று தெரிந்தது.

அடுத்த ஞாயிறு காலை சார் போனே பண்ணிவிட்டார். தோழர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறார், உடனே வா என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் கேட்டுக்கு வெளியே பவுனு நின்றுகொண்டிருந்தாள். பவுனு அந்த வீட்டில் வீட்டுவேலை பார்க்கிறவள், என் வயதுக்காரி. பக்கத்து வசந்தா வீட்டிலும் அவள்தான் வேலை. கண் சிவந்திருந்தது.

"என்னா பவுனு, உள்ள போவலயா?"

"வராதன்னுட்டாருக்கா. நான்தான் மீன மருந்தடிச்சுக் கொல்லப் பாத்தேங்கறாரு. தெருவே வேடிக்க பாக்க கத்துனாரு. வசந்தாம்மா வூட்லயும் இப்பதான் சொன்னாங்க, கைக்கொழந்த இருக்கற வூடு, நீ இனிமே வரவேண்டாம்னு."

"அப்பறம் ஏன் நிக்கிற, வெயில்ல?"

"வூட்டுக்குப் போயிட்டா, செஞ்சதாலதான் போயிட்டான்னு சொல்லுவாங்கல்லக்கா."

இங்கே வேலை போனதோடு முடியவில்லை. குழந்தை இருக்கிற வீட்டில் எதையாவது கலந்துவிடுவாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சுக் கிளம்பினால், அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது. உள்ளே ஒரு மீன் சாகக் கிடக்கிறது, வெளியே ஒரு மனுஷியின் பிழைப்பு சாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து என் கையில் இருந்தது ஒரு சொட்டு மருந்துப் புட்டி.

தோழர் பிழைத்துக்கொண்டார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீன் என்ன ஆச்சு, மீன் என்ன ஆச்சு என்று அதிலேயே இருப்பீர்கள்.

உள்ளே போனதும் சார் ஒரு நீல நிறப் புட்டியை என் முன்னால் வைத்தார். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே. "இதுல அம்மோனியா இருக்கு. லேபிள்லயே போட்டிருக்கான். சனிக்கிழமதான் பவுனு தொட்டிக் கண்ணாடியத் தொடைக்கிற நாள். ஞாயித்துக்கிழம பச்ச. இதுக்கு மேல என்னம்மா ஆதாரம் வேணும்?"

படித்தவர்கள் தப்பு செய்தால் இதுதான் தொல்லை. தப்புக்குக்கூட ஆதாரத்தோடு வருவார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் வாதம் பண்ணாதீர்கள். தண்ணீரை எடுங்கள். ஒரு இடத்தில் எடுக்காதீர்கள், எத்தனை இடம் உண்டோ அத்தனையிலும் எடுங்கள். குழாய்த் தண்ணீர் மஞ்சள். தொட்டித் தண்ணீர் பச்சை. தொட்டிக்கு மேலே இருக்கிற ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் பஞ்சுக்குக் கீழே ஒரு வலைப்பையில் வெள்ளைக் கல் வைத்திருப்பேன். ஜியோலைட் என்று பெயர், நம் கடைகளில் அம்மோனியா கல் என்றால்தான் தெரியும். அம்மோனியாவை உறிஞ்சிப் பிடித்து வைக்கிற கல். பம்பை நிறுத்தி, அந்தப் பையைத் தூக்கி, அதிலிருந்து வடிந்த தண்ணீரில் சொட்டு விட்டேன். கரும்பச்சை. போலீஸ் ஸ்டேஷனிலேயே திருட்டுப் பொருள் விற்பது மாதிரி இருந்தது.

"சார், ஸ்ப்ரே அடிச்சிருந்தா கண்ணாடியோரத் தண்ணிலதான் ஜாஸ்தி இருக்கணும். இது கல்லுலேருந்து வருது."

"அப்ப பெட்டிக்குள்ளயும் அடிச்சிருப்பா" என்றார். முடிவை முதலில் எழுதிவிட்டவரிடம் என்ன பேசுவது?

விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், கிட் எல்லாம் வருவதற்கு முன்னால் எங்களுக்கு இதுதான் கிட். லேசாகக் கரித்தது. இந்த வீட்டுக்கு நான் உப்பு போடச் சொன்னதே இல்லை. பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் கரும்புள்ளிகளாக ஏதோ ஒட்டியிருந்தது. மீன் கழிவு என்று நினைத்துச் சுரண்டினேன். உருண்டு உள்ளங்கையில் விழுந்தது.

கடுகு.

தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கல் உப்பும் கடுகும் சேர்ந்து அடுப்படியைத் தவிர வேறு எங்காவது இருந்தால், அங்கே யாரோ திருஷ்டி சுற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைப்பதும் வழக்கம்தான். தொட்டியைச் சுற்றியவர் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறதே என்று அதிலேயே கரைத்துவிட்டார். மூடி மேல் செங்கல் இருப்பதால் பெட்டியைத் திறந்து போட்டிருக்கிறார். உப்பு கரைந்துவிட்டது, கடுகு மாட்டிக்கொண்டது.

கையை மூடிக்கொண்டு, "யாராச்சும் தொட்டில உப்பு போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். என் பார்வை என்னை அறியாமல் மங்கையம்மா பக்கம் போனது.

"என்ன ஏன் பாக்கறீங்க? நான் போட்டா சொல்லிட்டேதான் போடுவேன். இவுருக்குப் பயந்துகிட்டா சாமி கும்புடறேன்?" என்றார் அவர்.

நான் சாரைப் பார்த்தேன். ஒரு விஷயம் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். உப்புக்கும் அம்மோனியாவுக்கும் என்ன தொடர்பு என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. மீனுக்குச் சீக்கென்றால் நாமே ஒரு பிடி கல் உப்பு போடச் சொல்கிற ஆட்கள்தானே. உப்பில் அம்மோனியா இருக்கிறதா என்ன? நான் கேட்டது வெறும் சந்தேகத்தில்தான். ஆனால் அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. ஓடி, விடை வந்து, அந்த விடையைப் பார்த்து அவரே பயந்துபோனது எனக்குத் தெரிந்தது.

அந்த அறையில் உப்பு என்ன செய்யும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். உப்பை யார் போட்டது என்று தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். 'உப்பால ஒண்ணும் ஆவாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் நம்பியிருப்பேன், மங்கையம்மா நம்பியிருப்பார், பவுனு வெயிலில் நின்று நின்று கடைசியில் வீட்டுக்குப் போயிருப்பாள்.

ஜன்னலுக்கு வெளியே கேட்டின் கம்பியைப் பிடித்தபடி அவள் நிற்பது அங்கிருந்து தெரிந்தது. சாரும் பார்த்தார்.

நான் கையிலிருந்த கடுகைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. மாட்டிக்கொண்டவன் பேச்சும் தானாகச் சொல்கிறவன் பேச்சும் ஒன்றாகாது. அவர் தானாகச் சொன்னால்தான் பவுனுக்கு ஏதாவது மிஞ்சும் என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு கையால் கல் பையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"லேபுல சாஃப்ட்னர் இருந்துச்சு" என்றார் சார், யாரிடமோ சொல்வது போல. "தண்ணியில உள்ள சுண்ணாம்பப் புடிச்சு வைக்கும். அது நெறஞ்சிபோனா உப்புத்தண்ணி வுட்டுக் கழுவுவோம். உப்பப் புடிச்சிகிட்டு, புடிச்சு வச்சிருந்ததையெல்லாம் வெளிய தள்ளிடும். இந்தக் கல்லும் அதேதான்."

"பஸ்ல சீட்டுப் புடிச்சு ஒக்காந்தவன எழுப்பிவுட்டுட்டு இன்னொருத்தன் ஒக்கார்ற மாரியா?" என்றார் மங்கையம்மா. ஏலாக்குறிச்சி பஸ்ஸில் போகிறவருக்கு ரசாயனம் சீக்கிரம் புரிகிறது.

"ஆமா. கல்லு புடிச்சு வச்ச அம்மோனியா மொத்தத்தையும் உப்பு எழுப்பிவுட்ருச்சு." ஒரு மூச்சு விட்டார். "உப்பு நான்தான் போட்டேன்."

"நீங்களா? எதுக்கு?"

"மருந்துக்கு."

என் உள்ளங்கையில் கடுகு உறுத்தியது. போகட்டும் என்று நினைத்தேன். திருஷ்டியோ மருந்தோ, அம்மோனியாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மனுஷர் ஒப்புக்கொண்டார், அது போதும் என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

சார் ஜன்னல் வழியாகவே கூப்பிட்டார். "பவுனு, உள்ள வா. ஒம்மேல தப்பு இல்ல. வந்து வேலையப் பாரு."

பவுனு நகரவில்லை. "தெருவுல வச்சுல்லங்க என்னயச் சொன்னீங்க. இல்லங்கறத மட்டும் வூட்டுக்குள்ள வச்சு சொன்னா எப்புடிங்க?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சார் செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார். நானும் மங்கையம்மாவும் ஈரக் கையோடு பின்னாலேயே போனோம். வசந்தா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் தயாராக நின்றிருந்தார். எதிர்வீட்டில் இரண்டு பேர்.

"காலைல நான் பவுனச் சொன்னது தப்பு" என்றார் சார் பொதுவாக. "நான்தான் மருந்துக்குன்னு உப்பு போட்டேன். அதுலதான் மீனுக்கு ஆயிடுச்சு."

வசந்தா சிரித்தார். "உப்பு போட்டா மீனு சாவுமா சார்? கடல்ல இல்லாத உப்பா? நீங்க பெரிய மனுசன், பாவம் பாத்து அவ பழிய நீங்க ஏத்துக்கறீங்க. எங்களுக்குத் தெரியாதா?"

எதிர்வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். நான் திகைத்துப்போனேன். அரை உண்மையைச் சொன்னதில் சார் தெருவுக்கே உத்தமர் ஆகிவிட்டார், பவுனு முன்பைவிட நன்றாகக் குற்றவாளி ஆகிவிட்டாள். அப்படியே திரும்பி உள்ளே போயிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். எனக்கு ஆத்திரத்தில் ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் சாரே பேசினார்.

"மருந்துக்கு இல்ல. திருஷ்டிக்கு."

"என்னாது?" இது மங்கையம்மா.

"திருஷ்டிக்குப் போட்டேன்! கல் உப்பும் கடுகும் எடுத்துத் தொட்டிய மூணு சுத்து சுத்தி, ஃபில்டர்ல போட்டேன். இவ ஏலாக்குறிச்சி போற அன்னிக்கெல்லாம் போட்டேன். மொளவா மட்டும் போடல. மீனுக்குக் கண்ணு எரியும்."

கறுப்புச் சட்டையோடு அந்தத் தெருவில் எத்தனை பேரை அவர் கிண்டல் பண்ணியிருப்பார்! வசந்தா வீட்டுப் பூசணிக்காயைப் பார்த்து, 'சாம்பாருக்கு ஆவுமே' என்று கேட்டவர் அவர்.

"யாரு கண்ணு சார் பட்டுச்சு?" என்றார் வசந்தா, குரல் மாறி.

"ஒங்க கண்ணுதான். அன்னிக்கு வந்து பாத்துட்டு, என்னா கொழுகொழுன்னு இருக்கு, கொழம்பு வச்சா நாலு பேரு திங்கலாம்னு சொன்னீங்கல்ல. மறுநாள்தான் சின்னது குதிச்சு செத்துச்சு."

வசந்தாவுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "ஏங் கண்ணா? ஏங் கண்ணா கொள்ளிக்கண்ணு?" என்று அவர் பிடித்த பிடியில் எதிர்வீட்டுக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். ஆனால் கவனியுங்கள், இந்த முறை யாருமே சந்தேகப்படவில்லை. இப்படி ஒரு மானக்கேட்டை எந்த மனுஷனும் கற்பனையில் சொல்ல மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். திட்டிக்கொண்டே வந்த வசந்தா நடுவில் பவுனு பக்கம் திரும்பி, "நீ வழக்கம்போல வந்துரு பவுனு. இந்த மனுசன் பேச்சக் கேட்டு நானும்..." என்று சொல்லிவிட்டு, மறுபடி சாரைத் திட்டப் போனார்.

தம்பிகளா, தங்கைகளா, பழியின் நிறத்தைக் காட்ட உங்கள் கிட்டில் அட்டை கிடையாது. சர்வீஸுக்குப் போன வீட்டில் யார்மேல் பழி விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத ஆள்மேல்தான் விழுந்திருக்கும். வீட்டுக்காரர் சொல்கிற காரணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், குழாய், தொட்டி, பெட்டி என்று எல்லா இடத்திலும் எடுத்துச் சோதிக்காமல் தலையை ஆட்டிவிடாதீர்கள். நாம் ஆட்டுகிற தலைக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்று நமக்குத் தெரிவதில்லை.

வசந்தா ஓய்ந்து உள்ளே போன பிறகு, சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தொட்டித் தண்ணி மொத்தமும் எறைக்கணுமே" என்று பவுனைப் பார்த்தார். பழக்கம் போகுமா?

"நான் இன்னிக்கு லீவுங்க" என்றாள் பவுனு. சேலை முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளைக்கு வரேன்."



"வாங்க" என்றார் சார்.

நடக்கத் தொடங்கியிருந்த பவுனு நின்று, தன் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.